பட்டனை அழுத்தியும் கியர் ஏன் விழவில்லை?

அன்னவாசல் பக்கம் ஏடிவி எனும், கரடுமுரடான தரையில் ஓடும் நாலு சக்கர வண்டி அபூர்வம். செல்ஃப் எடுக்காமல் 'டக் டக்' என்று மட்டும் சத்தம் போடும் பைக்குகளோ சகஜம். கியர் விழாத ஏடிவி, செல்ஃப் எடுக்காத பைக் இரண்டுக்கும் நோய் பெரும்பாலும் ஒன்றுதான்: மோட்டாருக்குப் போதிய வோல்ட் போய்ச் சேராதது.

ஹோண்டா ஏடிவி சிலவற்றில் கியர் மாற்றக் கால் வேண்டாம். கைப்பிடியில் உள்ள பட்டன் போதும். பட்டனின் உத்தரவு கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போகும். அது ஒரு மோட்டாரை இயக்கும். மோட்டார் கியர் தண்டைத் திருப்பும். எவ்வளவு திரும்பியது என்பதைக் கோண சென்சார் சொல்லும்.

மோட்டார் கிளம்பும் கணத்தில் நிறைய மின்சாரம் இழுக்கும். பச்சை பூத்த எர்த் முனையில் தடை 0.1 ஓம்தான் என்று வையுங்கள். 20 ஆம்பியர் பாயும்போது 2 வோல்ட் அங்கேயே தொலைந்துபோகும். "லைட் எரியுதே, பேட்டரி நல்லாத்தானே இருக்கு" என்ற வாதம் இங்கே செல்லாது. லைட்டுக்குச் சொற்ப மின்சாரம் போதும்.

அதனால் மல்டிமீட்டரைச் சும்மா வைத்துப் பார்க்காதீர்கள். பட்டனை அழுத்தும்போதே அளந்து பாருங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி, அழுத்தியதும் 10-க்குக் கீழே சரிந்தால் முதல் சந்தேகம் அதன்மேல்தான். பேட்டரி தாக்குப்பிடிக்கிறது, மோட்டார் முனையில் மட்டும் வோல்ட் குறைகிறது என்றால், வயர் முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்குங்கள். சென்சாருக்குக் காசு செலவழிப்பது கடைசியில் இருக்கட்டும்.