வியாழக்கிழமை வந்த பாட்டிகள்

அண்ணன் மகள் மதுரையில் எம்.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன மாதம் ஒருநாள் இரவு பத்து மணிக்கு போன் செய்தாள்.

"சித்தப்பா, பி வேல்யூ 0.06 வந்திருச்சு. என் டிசர்டேஷன் அவ்வளவுதான்."

கல்யாணம் நின்றுபோனவள் மாதிரி இருந்தது குரல். என்ன ஆய்வு என்று கேட்டேன். மூட்டுவலியோடு ஓ.பி.க்கு வரும் வயதானவர்கள் அறுபது பேர். முப்பது பேருக்கு வழக்கமான மாத்திரையோடு தினமும் வெந்நீர் ஒத்தடம். மற்ற முப்பது பேருக்கு மாத்திரை மட்டும். இரண்டு வாரம் கழித்து, வலியே இல்லை என்றால் 0, தாங்கவே முடியவில்லை என்றால் 10 என்று மதிப்பெண் போடச் சொல்லிக் குறித்திருக்கிறாள். மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களைவிட ஒத்தடக்காரர்களுக்கு வலி சராசரியாக 0.9 புள்ளி கூடுதலாகக் குறைந்திருக்கிறது. பி மதிப்பு 0.05-க்குக் கீழே போயிருந்தால் 'சிக்னிஃபிகன்ட்'. ஒரு நூலிழையில் தப்பிவிட்டது. கைடு முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

நர்சிங் கல்லூரிகளில் இந்த பி மதிப்பு படுத்தும் பாடு கொஞ்சமல்ல. அது சொல்வது இவ்வளவுதான்: ஒத்தடத்தால் ஒரு பயனும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும், வெறும் தற்செயலாக, இந்த அளவோ இதைவிடப் பெரிதாகவோ ஒரு வித்தியாசம் கண்ணில் பட எவ்வளவு வாய்ப்பு? இவள் கணக்கில் நூற்றுக்கு 6. 'ஒத்தடம் பயன்படாது என்பதற்கு 6 சதவீத வாய்ப்பு' என்று இதைப் படிப்பது தவறு. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-ல் தனியாக ஓர் அறிக்கை விட்டு இதைச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், படித்தவர்களே எவ்வளவு தடுக்கி விழுந்திருப்பார்கள்!

0.05 என்ற கோட்டை இயற்கை போடவில்லை. ரொனால்ட் ஃபிஷர் என்ற இங்கிலாந்துக்காரர் 1925-ல் எழுதிய புத்தகத்தில், இருபதுக்கு ஒன்று என்பது வசதியான எல்லை என்று சொன்னார். அந்த வசதி நாளடைவில் பாஸ் மார்க் ஆகிவிட்டது. 34 எடுத்தால் பெயில், 35 எடுத்தால் பாஸ் என்பதுபோல.

"பி-யை விடு, இடைவெளி என்ன?" என்றேன். நம்பிக்கை இடைவெளி என்று பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். கணினியில் பார்த்துச் சொன்னாள்: 0-க்கு ஒரு பொட்டு கீழிருந்து 1.8 வரை. அதாவது, உண்மையான பயன் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், ஏறக்குறைய இரண்டு புள்ளியாகவும் இருக்கலாம். இந்த அறுபது பேரை வைத்து அதற்குமேல் சொல்ல முடியாது. இந்த அகலத்தைப் பாதியாக்க இரு மடங்கு ஆட்கள் போதாது, நான்கு மடங்கு வேண்டும். அறுபதுக்கு இருநூற்று நாற்பது பேர். படிப்பு முடிவதற்குள் ஒரு மாணவியால் ஆகிற காரியமா?

சராசரியையும் கண்ணை மூடி நம்பக் கூடாது. ஒரு வார்டில் ஏழு பேர் தங்கிய நாட்கள் 3, 3, 4, 4, 5, 5, 46 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டி வகுத்தால் சராசரி 10 நாள். பத்து நாள் தங்கியவர் அந்த வார்டில் ஒருவருமில்லை. வரிசைப்படுத்தி நடுவில் நிற்பவரைப் பார்த்தால் 4. அந்த வார்டு சிஸ்டரைக் கேட்டால், "நாலஞ்சு நாள்ல அனுப்பிடுவோம் சார், அந்த ஒருத்தர்தான் புண் ஆறாம கிடந்தார்" என்று கணக்குப் போடாமலே சொல்லியிருப்பார்.

இதையெல்லாம் பேசிவிட்டு, முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதைக் கடைசியில் கேட்டேன்.

"யாரை எந்தப் பக்கம் போட்ட? எப்படிப் பிரிச்ச?"

"திங்கள், செவ்வாய், புதன் வந்தவங்களுக்கு ஒத்தடம். வியாழன், வெள்ளி, சனி வந்தவங்க கன்ட்ரோல்."

"வியாழக்கிழமை அங்க என்ன விசேஷம்?"

யோசித்தாள். "சந்தை சித்தப்பா. கிராமத்துப் பாட்டிகளா வருவாங்க. கூடை சுமந்துட்டு." கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ஐயோ."

ஐயோதான். ஒரு பக்கம் நகரத்துப் பென்ஷன்காரர்கள், இன்னொரு பக்கம் தலைச்சுமையோடு பஸ் ஏறி வந்த பாட்டிகள் என்றால், வலி குறைந்தது ஒத்தடத்தாலா, கூடை சுமக்காததாலா? பி மதிப்பு 0.001 வந்திருந்தாலும் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. கைடு 0.06-ஐப் பார்த்து முகம் சுளித்தார். சுளித்திருக்க வேண்டிய இடம் வேறு.

இந்த வம்புக்கு மருந்து திருவுளச்சீட்டுதான். ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய்க்குக் கேட்கிறதா என்று பிரிட்டனில் சோதித்த ஆய்வு 1948-ல் வெளிவந்தது. போர் முடிந்த நேரம், மருந்து எல்லோருக்கும் போதாது. 107 நோயாளிகளில் 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும். யாருக்கு எது என்பதை டாக்டர்கள் முடிவு செய்யவில்லை. ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்ற புள்ளியியலாளர் தற்செயல் எண்களைக் கொண்டு வரிசை தயாரித்து, ஒவ்வொன்றையும் உறையிலிட்டு ஒட்டிவிட்டார். உறையின் மேல் ஆஸ்பத்திரி பெயரும் எண்ணும் மட்டுமே. நோயாளியைச் சேர்த்துக்கொள்வதென்று முடிவான பிறகுதான் உறையைப் பிரிக்கலாம். ஒட்டியதன் ரகசியம் அதுதான்: அடுத்து வருவது மருந்து என்று முன்கூட்டியே தெரிந்தால், எவ்வளவு நேர்மையான டாக்டருக்கும் பிழைக்கக்கூடியவரை அந்தப் பக்கம் தள்ளத்தான் கை போகும்.

ஆறு மாதத்தில் மருந்துப் பக்கம் இறந்தவர்கள் 4 பேர், மற்றப் பக்கம் 14 பேர். நூற்றுக்கு 27 சாவு 7 ஆயிற்று. ஐந்து பேருக்குக் கொடுத்தால் ஓர் உயிர் கூடுதலாகத் தங்குகிறது. இதையே 'சாவு 73 சதவீதம் குறைந்தது' என்றும் சொல்லலாம். ஆனால் பத்தாயிரத்தில் 4 பேருக்கு வரும் நோய் 1 பேருக்கு என்று இறங்கினாலும் விளம்பரத்தில் 75 சதவீதம் என்றுதான் போடுவார்கள். எத்தனை பேரில் எத்தனை என்று கேட்டால்தான் குட்டு வெளிப்படும்.

அடுத்தது நம்ம ஊர்க் கதை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எல்லாம் சேர்ந்து 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில்: ஓய்வு, நல்ல சாப்பாடு, நர்ஸ் கண்காணிப்பு. மறு பாதி அவரவர் வீட்டில்: நெருக்கடியான குடியிருப்பு, அரைகுறைச் சாப்பாடு, வேலைக்கும் போயாக வேண்டும். மருந்து இரு பக்கமும் ஒன்றே. வீட்டுக்காரர்கள் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள்.

ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். இறுதிக் கணக்கில் வந்தவர்கள் பக்கத்துக்கு எண்பது சொச்சம் பேர். நான் இடைவெளி போட்டுப் பார்த்தேன்: சானடோரியம் சுமார் 15 புள்ளி மேலாகவும் இருக்கலாம், வீடே 3 புள்ளி மேலாகவும் இருக்கலாம். 0.05 கோட்டை இந்த வித்தியாசம் தொடவே தொடாது. உலகமே காசநோயாளியை வீட்டில் வைத்து வைத்தியம் பார்க்கத் துணிந்ததற்கு முன்னோடியான ஆய்வின் முக்கிய எண்ணுக்கு, எங்கள் வீட்டுப் பெண்ணின் கைடு முகம் சுளித்திருப்பார்!

வித்தியாசம் உறுதியாகவில்லை என்பதாலேயே வித்தியாசம் இல்லை என்று ஆகிவிடாது. சென்னைக்காரர்களுக்கு அது தெரியும். அதனால் அதோடு நிற்கவில்லை. வீட்டிலேயே இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றியதா என்றும் பார்த்தார்கள். கூடுதலாகத் தொற்றவில்லை. படுக்கைகளோ சொற்பம், நோயாளிகளோ ஏராளம். நல்ல கண்காணிப்போடு மருந்து கொடுத்தால் பெரும்பாலோரை வீட்டிலேயே குணப்படுத்தலாம் என்று 1959-ல் அறிக்கை எழுதினார்கள். அன்று சேத்துப்பட்டில் தொடங்கியதுதான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

அண்ணன் மகள் திரும்ப ஆய்வு செய்ய நேரமில்லை. 0.9 புள்ளி, இடைவெளி இன்னது என்று முடிவைத் திருத்தி எழுதினாள். குறைபாடுகள் என்ற தலைப்பின் கீழ் கிழமைப்படி பிரித்ததையும் சந்தையையும் ஒளிக்காமல் சேர்த்தாள். கைடு அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தாராம்.

இந்த ஆண்டு டிசர்டேஷன் தொடங்கும் பிள்ளைகளே, புள்ளியியல் ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கக் கடைசி மாதம் ஓடாதீர்கள். முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே போய் உட்காருங்கள். அறுபது உறை வாங்க ஸ்டேஷனரிக் கடையில் பெரிய செலவொன்றும் ஆகாது.