ஜுஜுட்சுவும் சிலம்பமும்: பழங்கலை வாழும் நெறி

கோவை மாநகரில் கராத்தே, ஜூடோப் பயிற்சிக் கூடங்கள் பெருகியுள்ளன. நகரைச் சூழ்ந்த சிற்றூர்களிலோ திருவிழாக் காலங்களில் சிலம்பம் சுழல்கின்றது. முன்னதை முறைப்படுத்தப்பட்ட புதுக்கலை என்றும், பின்னதை விழாக்கால வேடிக்கை என்றும் கருதுவார் உளர். இக்கருத்துப் பொருந்துமா? ஜூடோவும் ஒரு காலத்தில் மங்கிய பழங்கலை ஒன்றிலிருந்து பிறந்ததே என்பதை அறிந்தால், இவ்வினாவிற்கு விடை தானே புலப்படும்.

மென்மையின் வலிமை

ஜப்பானிய மொழியில் ‘ஜு’ என்பது மென்மையையும் நெகிழ்வையும் குறிக்கும். ‘ஜுட்சு’ என்பது நுட்பக்கலை எனப்படும். வெறுங்கையனாகவோ சிறு படைக்கலத்துடனோ நிற்கும் வீரன், பகைவனைப் பிடித்தும், மூட்டை மடக்கியும், நிலைகுலைத்து எறிந்தும் வெல்லும் முறையே ஜுஜுட்சு. பகைவன் தள்ளினால் எதிர்த்துத் தள்ளாது இழுப்பதும், இழுத்தால் உடன்சென்று வீழ்த்துவதும் இதன் அடிப்படை. 1532இல் தோன்றியதாகக் கூறப்படும் தகெனோஉச்சி மரபு இதன் மிகப் பழைய மரபுகளுள் ஒன்றாகும். ஒவ்வொரு மரபும் தன் நுட்பங்களைத் தக்க மாணாக்கர்க்கே மறைவாகக் கற்பித்தது.

1868இல் ஜப்பானில் மெய்ஜி ஆட்சி மலர்ந்தது. 1876இல் சாமுராய்கள் வாள் ஏந்துதல் தடைசெய்யப்பட்டது. போர்மறவர் பிழைப்பிழந்தனர், அவர்தம் கலையும் மதிப்பிழந்தது. அந்நிலையில்தான் ஜிகோரோ கானோ என்னும் கல்வியாளர் தெஞ்சின் ஷின்யோ, கிதோ ஆகிய இரு மரபுகளைப் பயின்று, 1882இல் டோக்கியோவில் ஒரு பௌத்தக் கோயிலின் சிற்றிடத்தில் கோடோகன் பள்ளியைத் தொடங்கினார்.

கானோ செய்தது யாது? உயிருக்கு ஊறு விளைக்கும் அடிகளை இருவர் பொருதும் பயிற்சியினின்று விலக்கினார். ஆயின் அவற்றை அழித்துவிடவில்லை. ‘கத்தா’ எனப்படும் வரிசைமுறைப் பயிற்சியில் காத்துவைத்தார். ‘ஜுட்சு’ என்பதை மாற்றி, நெறி எனப் பொருள்படும் ‘டோ’ என்னும் சொல்லை அமைத்தார். வெல்லும் நுட்பம் வாழும் நெறியாயிற்று. 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ இடம்பெற்றது.

ஜுஜுட்சுவின் கிளைகள் இத்துடன் நிற்கவில்லை. அதன் தைத்தோ மரபினின்று உஎஷிபா அய்கிடோவை உருவாக்கினார். கோடோகனில் பயின்ற மித்சுயோ மயேதா 1914இல் பிரேசில் சென்றார்; அவர் விதைத்த கலையே அங்குப் பிரேசிலிய ஜுஜுட்சுவாக வளர்ந்தது. இந்தியாவிலும் கவி தாகூர் 1929இல் தககாகி என்னும் ஜூடோ ஆசிரியரைச் சாந்திநிகேதனுக்கு அழைத்தார். கராத்தே மட்டும் வேறு பிறப்புடையது. அஃது ஒகினாவாத் தீவில் வளர்ந்த கலை.

கொங்கு மண்ணும் கம்பும்

இனி நம் மண்ணிற்கு வருவோம். சிலம்பத்தில் கம்பு பெரும்பாலும் ஆடுபவரின் நெற்றி உயரம் இருக்கும். முதலில் காலடி வரிசை. அதன்பின்னரே வீச்சும், தடுப்பும், குத்தும். கால் பிழைத்தால் கை பிழைக்கும் என்பது ஆசான்கள் உணர்த்தும் பாடம். கம்பில் தேர்ந்தோர் வாள், சுருள்வாள், மான்கொம்பு ஆகியவற்றிற்குச் செல்வர். தென்கோடியில் வழங்கும் வர்மக்கலை, அடிக்கவும் அடிபட்டோர்க்கு மருத்துவம் செய்யவும் கற்பிக்கின்றது. ஜுஜுட்சு ஆசான்களும் எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடவும், மூர்ச்சையுற்றோரைத் தெளிவிக்கவும் அறிந்திருந்தனர் என்பது ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

திப்பு சுல்தானுக்குத் துணைநின்று ஆங்கிலேயரை எதிர்த்து, 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலையைச் சிலம்ப வல்லவர் எனக் கொங்கு மரபு போற்றுகின்றது. பாளையக்காரர் போர் முடிந்த 1801ஆம் ஆண்டின் இறுதியில் ஆங்கில ஆட்சி, கோட்டைகளை இடிக்கவும் படைக்கலங்களை ஒப்படைக்கவும் ஆணையிட்டது. ஜப்பானில் 1876இல் நேர்ந்தது தமிழகத்தில் முக்கால் நூற்றாண்டிற்கு முன்னரே நேர்ந்துவிட்டது. ஆனால் ஜப்பானில் கலைக்குப் பள்ளி பிறந்தது. இங்கோ கலை ஊர்த்திடல்களில் ஒதுங்கி, விழாக்களையே புகலிடமாகக் கொண்டது.

அப்புகலிடம் அனைவர்க்கும் பொதுவாயிருந்தது. கோயில் திருவிழாவில் சுழன்ற கம்பு, ஊர்கள் சிலவற்றில் முகர்ரம் ஊர்வலத்திலும் முஸ்லிம் திருமண ஊர்வலத்திலும் சுழன்றது. ஆட்டத்தின் தொடக்கத்தில் ஆசானையும் அவையையும் வணங்கும் முறைக்குச் ‘சலாம் வரிசை’ என்னும் பெயரும் வழங்குகின்றது. பயில்வான், உஸ்தாத் என்பனவும் பாரசீகம் தந்த சொற்களே. ஒரே திடலில் கூடி வாழ்ந்தோர் நமக்கு விட்டுச்சென்ற சான்றுகள் இவை.

இன்றைய நிலை

2022இல் அரியானாவில் நடைபெற்ற கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளில் களரிப்பயட்டும், கட்காவும், தாங்-டாவும் இடம்பெற்றன. 2024 சனவரியில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை ஆகிய நான்கு நகரங்களில் தமிழகம் அவ்விளையாட்டுகளை நடத்தியபோது, சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. மகிழத்தக்க செய்தியே. எனினும் ஓர் அச்சமும் உடன் எழுகின்றது. இருவர் பொருதும் போட்டியில் கம்பின் தொடுகைக்கே புள்ளி. புள்ளியை மட்டும் நாடும் மாணவன் புள்ளி தராத வரிசைகளைக் கற்க மாட்டான். கற்போர் இல்லாத வரிசை ஆசானோடு மறையும். ஜூடோவிலும் இக்குறை உண்டு; ஆயினும் கத்தாவை ஏட்டிலும் பயிற்சியிலும் கானோ நிலைநிறுத்திச் சென்றமையால் இழப்புக் குறைந்தது.

சிலம்பத்திற்கும் போட்டி ஒரு கண் என்றால், வரிசைப் பயிற்சி மறுகண் ஆதல் வேண்டும். இதில் தமிழ் பயில்வோர்க்கும் பங்குண்டு. காலடிகள், வீச்சுகள், பிடிகள் ஆகியவற்றின் பெயர்கள் ஊருக்கு ஊர் வேறுபடுகின்றன. பல இன்னும் அகராதி ஏறவில்லை. முதிய ஆசான்களை நாடிச் சென்று, அப்பெயர்களையும் அவற்றிற்குரிய அசைவுகளையும் பதிவுசெய்தல் நம் துறை மாணவர் இன்றே மேற்கொள்ளத்தக்க பணியாகும். ஊர்ப் பெரியவர்கள் அவ்வாசான்களை அடையாளம் காட்டி உதவுதல் வேண்டும்.

பிறரை வீழ்த்துபவனைவிடத் தன் சினத்தை அடக்குபவனே வலியவன் என்னும் கருத்துடைய நபிமொழியை நாம் அறிவோம். கானோ கண்ட நெறியும், சலாம் வரிசையின் பணிவும் அதனையே உணர்த்துகின்றன. கம்பைக் கற்பதற்குமுன் வணங்கக் கற்பித்த கலையை அயலார் வந்து மெச்சும்வரை காத்திராது, நாமே பேணுவோமாக!