கையகல நிலமும் அகன்ற டயரும்

1963 செப்டம்பரில் பிராங்க்பர்ட் கண்காட்சியில் போர்ஷே நிறுவனம் தன் புதிய விரைவு மகிழுந்தை மக்கள் முன் நிறுத்தியது. 901 என்ற எண்ணோடு வந்த அவ்வண்டி, நடுவில் சுழியுடைய மூவிலக்க எண்களுக்குப் பெஜோ நிறுவனம் உரிமை கோரியதால், அடுத்த ஆண்டே 911 ஆயிற்று. இரண்டு லிட்டர்க் கொள்ளளவும் 130 குதிரைத்திறனும் கொண்ட அதன் ஆறு உருளைப் பொறி, பின்னச்சுக்கும் பின்னால் தொங்கியது. அத்திறனையெல்லாம் சாலையில் இறக்கி வைத்தவை நாலரை அங்குல அகலமே உள்ள எஃகுச் சக்கரங்களும், அவற்றின்மேல் ஏறிய 165 மில்லிமீட்டர் டயர்களும்தாம். இன்று நம் தெருக்களில் ஓடும் சிறிய மகிழுந்துகள் பலவற்றின் டயரும் அதே அகலம்.

ஆகவே, அப்பழைய வண்டியை வாங்குவோர்க்கு முதலில் எழும் ஆசை ஒன்றே: கால்களை அகலமாக்க வேண்டும். ஆறு அங்குலம், ஏழு அங்குலம், இடம் கிடைத்தால் எட்டும். அகலம் கூடினால் தரையில் படியும் ரப்பர் கூடும், ரப்பர் கூடினால் பிடிப்பும் கூடும் என்பது அவர்கள் கணக்கு. இக்கணக்கின் விடை ஓரளவு சரி. வழி முற்றிலும் பிழை.

டயர் தாங்கும் சுமையை அதனுள் அடைத்த காற்றின் அழுத்தத்தால் வகுத்தால், தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழக் கிடைத்துவிடும். பக்கச்சுவரின் விறைப்பு சிறிது மாற்றும், பெரிதாக மாற்றாது. வண்டியின் எடை 1,080 கிலோ என்றும், அதில் பின்னச்சின் பங்கு 60 விழுக்காடு என்றும் கொள்வோம். ஒவ்வொரு பின் டயர்மேலும் 324 கிலோ, அதாவது ஏறக்குறைய 3,180 நியூட்டன் விசை. காற்றழுத்தம் 2.4 பார் ஆனால் தொடுபரப்பு 132 சதுர சென்டிமீட்டர். ஒருவர் தம் கையைத் தரையில் விரித்து வைத்தால் மறையும் இடம் அவ்வளவுதான். 165 டயரின் இடத்தில் 215 டயரை மாட்டினாலும் எடை மாறவில்லை, அழுத்தம் மாறவில்லை. எனவே பரப்பும் மாறாது. மாறுவது வடிவம். முன்பு 12 சென்டிமீட்டர் அகலமும் 11 சென்டிமீட்டர் நீளமுமாய் இருந்த தொடுபரப்பு, இப்போது 17 சென்டிமீட்டர் அகலத்தில் பரந்து, எட்டுக்கும் குறைவான நீளத்தில் சுருங்குகிறது.

அப்படியானால் அகன்ற டயர் வளைவில் கூடுதலாய்ப் பிடிப்பது எதனால்? 1699-இல் அமோந்தோன் பிரெஞ்சு அறிவியற் கழகத்தின் முன் வைத்த உராய்வு விதி, தொடுபரப்புக்கும் உராய்வுக்கும் தொடர்பில்லை என்கிறது. மரத்துக்கும் இரும்புக்கும் அது பொருந்தும், ரப்பருக்குப் பொருந்தாது. ரப்பர் சாலையின் நுண்மேடுகளுக்குள் நெகிழ்ந்து புகுந்து பற்றுகிறது. அதன்மேல் அழுத்தம் கூடக்கூட உராய்வுக் கெழு சிறிது சிறிதாய்த் தேய்கிறது. சுமை தொடுபரப்பெங்கும் சீராய்ப் பரவுமானால் ரப்பரின் ஒவ்வொரு துணுக்கும் தன் பங்கை ஆற்றும். பிடிப்பின் வேர் அங்கே இருக்கிறது.

வண்டி வளையும்போது டயர் தான் பார்க்கும் திசையில் செல்வதில்லை. சற்றே விலகிச் செல்கிறது. இவ்விலகலை நழுவு கோணம் எனலாம். தொடுபரப்பின் முன்விளிம்பில் சாலையைப் பற்றும் ரப்பர்த் துணுக்கு, பின்விளிம்பை நோக்கிச் செல்லச் செல்லப் பக்கவாட்டில் இழுபட்டு, தாங்கும் எல்லை கடந்ததும் நழுவிவிடுகிறது. நீண்ட தொடுபரப்பில் இப்பயணம் நீளம். கடைப்பகுதி விரைவில் நழுவத் தொடங்கும். குட்டையான தொடுபரப்பில் துணுக்கு நழுவுமுன்பே தரையைவிட்டு எழுந்துவிடுகிறது. எனவே அகன்ற டயர் சிறிய நழுவு கோணத்திலேயே பெரிய பக்கவிசையைத் தருகிறது. உராய்வின் வெப்பமும் அகன்ற பட்டையில் பரவிப் பகிரப்படுகிறது.

இதற்கொரு விலை உண்டு. ஓட்டுநர் கையில் உணரும் திசைமாற்றியின் கனத்தில் பெரும்பங்கு இத்தொடுபரப்பின் நீளத்திலிருந்தே பிறக்கிறது. பக்கவிசை தொடுபரப்பின் நடுவில் அன்றிச் சற்றுப் பின்னே தாக்குவதால் சக்கரம் தானே நேராகத் திரும்ப முயலும். கடைப்பகுதி நழுவத் தொடங்கியதும் அம்முயற்சி தளரும். கையில் கனம் குறையும். பிடிப்பின் எல்லை நெருங்குகிறது என்று ஓட்டுநர் அறிவார். நீளம் சுருங்கிய டயரில் இவ்வறிவிப்பு மங்குகிறது. பழைய 911-ஐ அறிந்தோர் அதன் திசைமாற்றியைப் புகழ்வதற்கு முதற்காரணம் மெலிந்த டயர் தந்த இந்தப் பேச்சே என்பது என் துணிபு. அகலத்தைக் கூட்டி அப்பேச்சை அடக்கிவிட்டு, திசைமாற்றி ஊமையாயிற்று என்று வருந்துவோரைப் பார்க்கையில் சிரிப்பு வருகிறது.

911-இன் பெரும்புதிர் அதன் எடைப்பகிர்வில் உள்ளது. வளைவில் உட்புற டயரின் சுமை குறைந்து வெளிப்புற டயரின் சுமை கூடும். ஒரு கணக்கிற்காக, 200 கிலோ சுமையில் உராய்வுக் கெழு 1.0 என்றும், 400 கிலோவில் 0.85 என்றும், இவற்றுக்கு இடையிலும் அப்பாலும் அதே சீரில் தேய்கிறது என்றும் கொள்வோம். இரு டயர்களும் முந்நூறு முந்நூறாய்ச் சுமந்தால் மொத்தப் பிடிப்பு 555 கிலோ எடைக்கு நிகரான விசை. சுமை 100, 500 எனச் சாய்ந்துவிட்டால் 495-தான் மிஞ்சும். சுமந்த எடை அதே அறுநூறு. பிடிப்பில் அறுபது போயிற்று. பின்னச்சிலேயே எடை குவிந்த வண்டியில் இவ்விழப்பு பின்புறத்தில்தான் மிகுதி. அதனால்தான் வளைவின் நடுவே முடுக்கியிலிருந்து காலை எடுத்தவுடன் 911-இன் வால் வெளியே வீசியது. எடை முன்னே சாய, பின்சக்கரங்கள் பிடிப்பை இழந்தன.

தொடக்க ஆண்டுகளில் போர்ஷே இதற்குக் கண்ட மருந்து வியப்புக்குரியது. முன்முட்டுத்தாங்கியின் இரு முனைகளுக்குள்ளும் தலைக்குப் பதினொரு கிலோ எடையுள்ள வார்ப்பிரும்புக் கட்டிகளை ஒளித்து வைத்தனர். எடை குறைப்பதையே மறையாகக் கொண்ட நிறுவனம் இரும்பைச் சுமந்து சென்றது! அகன்ற டயர் அதன்பின் படிப்படியாகவே வந்தது. ஒவ்வொரு படியிலும் வேறொன்றும் சேர்ந்தே மாறியது. 1967-ஆம் ஆண்டு மாதிரியான 911 எஸ் வண்டிக்கு ஃபுக்ஸ் நிறுவனம் அடித்துருவாக்கிய அலுமினியச் சக்கரம் கிடைத்தது. எடை குறைந்ததேயன்றி அகலம் அதே நாலரை. அடுத்த ஆண்டு ஐந்தரை. 1969 மாதிரியில் எஸ் வண்டிக்கு ஆறு அங்குலமும் 185/70 டயரும் வந்தன. அவ்வாண்டிலேயே பொறியை இருந்த இடத்தில் வைத்துக்கொண்டு பின்சக்கரங்களை மட்டும் பின்தள்ளி, அச்சிடைத் தொலைவை 2,211-இலிருந்து 2,268 மில்லிமீட்டராக்கினர். ஒற்றை மின்கலத்துக்கு மாறாக இரண்டு மின்கலங்கள் முன்மூலைகளில் அமர்ந்தன. இரும்புக் கட்டிகளுக்கு வேலையில்லாமல் போயிற்று. சக்கர வளைவுகளின் தகடும் சற்றே புடைத்தது.

1972 அக்டோபரில் பாரிசில் காட்டப்பட்ட கரேரா ஆர்எஸ் 2.7 வண்டியில்தான், சாலைக்கென விற்ற 911-களில் முதன்முறையாக முன்னும் பின்னும் வெவ்வேறு அகலம் வந்தது: முன்னே ஆறு அங்குலத்தில் 185/70, பின்னே ஏழு அங்குலத்தில் 215/60. பின்வளைவுகளை மட்டும் அகலப்படுத்தினர், முன்வளைவுகளைத் தொடவில்லை. விரைந்து ஓடும்போது பின்புறம் மேலெழுவதைத் தணிக்கப் பொறிமூடியின்மேல் வாத்துவால் போன்ற தகடும் ஏறியது. டயர் அளவுகளைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். 185-இன் 70 விழுக்காடு 129.5, இருமடங்கோடு 15 அங்குலத்துக்குரிய 381-ஐச் சேர்த்தால் விட்டம் 640 மில்லிமீட்டர். 215-இன் 60 விழுக்காடு 129, விட்டம் 639. முப்பது மில்லிமீட்டர் அகலம் கூடியும் விட்டம் ஒரு மில்லிமீட்டர்தான் குறைந்தது. பற்சக்கர விகிதமும் விரைவுகாட்டியும் தரையிடைவெளியும் இருந்தபடியே இருந்தன.

இவ்வரிசையைப் புரிந்துகொள்ளாத உரிமையாளர் செய்வது என்ன? கண்ணுக்கு அழகென்று நான்கு மூலைகளிலும் ஒரே அகலத்தில் ஏழோ எட்டோ மாட்டுகிறார். முன்புறச் சுமை குறைவு. அங்கே அகலம் கூடினால் முன்பிடிப்பு மிஞ்சும். முன்புறம் கூர்மையாய்த் திரும்பும். வால் முன்னைவிட விரைந்து வீசும். போர்ஷேயின் பொறியாளர்கள் பத்தாண்டு உழைத்துத் தணித்த குணத்தை, ஒரு பிற்பகலில் நான்கு சக்கரங்களை மாட்டித் திரும்ப வரவழைத்துவிடலாம்.

அடுத்தது சாய்வு. மெலிந்து உயர்ந்த பழைய டயர், உடல் சாயும்போது பக்கச்சுவரை நெளித்துத் தரையோடு ஒட்டிக்கொள்ளும். குட்டையான சுவரும் அகன்ற தட்டும் கொண்ட டயர் ஒரு பாகைச் சாய்வுக்கே ஒரு விளிம்பைத் தூக்கிவிடும். 911-இன் பின்சக்கரங்களைத் தாங்கும் சரிவுக் கைகள் முந்தைய 356-இன் அமைப்பைவிட எவ்வளவோ மேல். ஆயினும் அவை தாராளமாய் உடல் சாய்ந்த காலத்தின் படைப்பு. அகன்ற டயரை முழுதும் பயன்படுத்த வேண்டின் முறுக்குத்தண்டுகளும் சாய்வுத்தடுப்புத் தண்டுகளும் தடித்தாக வேண்டும். தடித்தால் பயணம் கடினமாகும்.

டயர் ஏறும் வட்டையின் அகலத்தைவிட அது நிற்கும் இடம் நுட்பமானது. திசைமாற்ற அச்சின் கோடு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள இடைவெளி, முன்சக்கரம் வெளியே தள்ளப்படும் அளவுக்கு நீளும். ஒவ்வொரு மேடுபள்ளமும் அந்நெம்புகோலைப் பிடித்துக் கையை ஆட்டும். 911-இல் திசைமாற்றிக்குத் துணைவிசை 1989-இல் வந்த 964 வரையில் இல்லை என்பதையும் நினைவிற்கொள்க. பின்சக்கரத்தை 25 மில்லிமீட்டர் வெளித்தள்ளினால், நேராய் ஓடும்போதே தாங்கியின்மேல் 80 நியூட்டன்-மீட்டர் திருப்புவிசை கூடும். சக்கரத்தை வெளித்தள்ள அதன் பின்னே ஸ்பேசர் என்னும் இடைத்தகட்டை வைத்து ஒப்பேற்றுவோர், சக்கரத்தைப் பிணைக்கும் ஆணியின் நீளத்தை மறந்துவிடுகின்றனர். 14 மில்லிமீட்டர் ஆணியில் மரை ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளியில் செல்கிறது; ஆணியின் விட்டத்தளவேனும் நட்டு பற்ற வேண்டுமானால் ஒன்பது சுற்றுக்கு மேல் ஏற வேண்டும். நான்கைந்து சுற்றில் இறுகிவிட்டதென்றால் அச்சக்கரத்தோடு சாலைக்குப் போகலாகாது.

மழையில் நிலைமை இன்னும் மோசம். வால்ட்டர் ஹோர்ன் என்ற நாசா ஆய்வாளர் 1960-களில் விமான டயர்களைக் கொண்டு கண்ட விதிப்படி, தேங்கிய நீரின்மேல் டயர் மிதக்கத் தொடங்கும் விரைவு காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 2 பாருக்கு மணிக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர். பின்னாளில் அவரே அவ்விதியில் தொடுபரப்பின் அகல நீள விகிதத்தையும் சேர்த்தார். அகன்று குட்டையான தொடுபரப்பு நீரைப் பக்கங்களில் ஒதுக்கித் தள்ள இயலாமல் முன்னதாகவே மிதந்துவிடும். எடை குறைந்த வண்டி, அகன்ற டயர், குறைந்த அழுத்தம் மூன்றும் ஓரிடத்தில் சேர்வது பழைய வண்டிகளில்தான்.

இவ்வளவு சொன்னபின் என் தேர்வையும் சொல்லிவிடலாம். பின்வளைவு அகலாத வண்டிக்கு நான்கிலும் ஆறு அங்குல வட்டையும் 185/70 டயரும் போதும். பிரெல்லி நிறுவனம் சிஎன்36 என்ற பழைய வகையை 185/70, 215/60 ஆகிய அளவுகளில் இன்றைய ரப்பரைக்கொண்டு மீண்டும் வார்த்துத் தருகிறது. அகல ஆர்எஸ் உடல் உள்ளவர் ஆறும் ஏழும் மாட்டலாம். 225/50 டயரை 15 அங்குல வட்டையில் ஏற்றுவதை நான் ஏற்பதில்லை. அதன் விட்டம் 606 மில்லிமீட்டர். வண்டி தாழும், விரைவுகாட்டி ஐந்து விழுக்காட்டுக்குமேல் மிகையாய்க் காட்டும், நெடுஞ்சாலையில் பொறி வீணே கத்தும். அதே டயர் 16 அங்குல வட்டையில் 631 வரும், அது பொறுக்கத்தக்கது.

எதை மாட்டினாலும் ஓட்டுமுன் ஒரு சோதனை வேண்டும். சக்கர வளைவின் உள்விளிம்பு நெடுகக் களிமண் திரியை ஒட்டிவிட்டு, பின்னிருக்கையில் ஆட்களை ஏற்றி, திசைமாற்றியை இருபுறமும் முழுதும் ஒடித்து, ஒரு வேகத்தடையின்மேல் மெல்ல ஏற்றி இறக்க வேண்டும். பின்பு திரியில் பதிந்த தடத்தை இருபக்கமும் அளக்க வேண்டும். பழைய உடல்களில் இடமும் வலமும் ஒத்திருப்பது அரிது. ஒரு பக்கம் நன்றாய் விலகி நிற்கும் டயர் மறுபக்கம் தகட்டை உரசும். குறுகிய பக்கத்தின் அளவை வைத்தே டயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.