வாலே கட்டுச்சோறு

ஜூன் மாதத்தில் பருவமழை மும்பையை எட்டிய சில நாட்களிலேயே, மண்தரை எஞ்சியுள்ள இடங்களில் தேங்கும் நீரில் கரும்புள்ளிகள் கூட்டமாக நெளியத் தொடங்கும். செம்பூரின் பழைய குடியிருப்பு வளாகங்களிலோ, தாராவியை அடுத்து, குப்பைமேடாக இருந்து 1994-இல் திறக்கப்பட்ட மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா போன்ற இடங்களிலோ இக்காட்சியைக் காணலாம். கொசுப்புழு என்று எண்ணி அவற்றின்மீது மண்ணெண்ணெய் ஊற்றுவோரும் உண்டு. அவை பெரும்பாலும் தேரையின் தலைப்பிரட்டைகள்.

இந்தப் பருவத்தில் அவை பெரும்பாலும் பாசியைச் சுரண்டித் தின்று வாழ்கின்றன. தனித்துத் திரிவதில்லை. தேரையின் தலைப்பிரட்டைகள் உடன்பிறந்தவற்றை அடையாளம் கண்டு, அந்நியக் கூட்டத்தை விடுத்து அவற்றோடு சேரவே விரும்புகின்றன என்பதைத் தார்வாடிலுள்ள கர்நாடகப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். வயல்களில் காணும் பெரிய இந்தியத் தவளையின் தலைப்பிரட்டையோ நேர்மாறானது. அது ஊனுண்ணி, பிற தலைப்பிரட்டைகளையே இரையாக்கிக்கொள்ளும்.

இந்த வாழ்க்கையை முடித்துவைப்பது தைராய்டு சுரப்பு. குதிரையின் தைராய்டுச் சுரப்பியை உணவாகப் பெற்ற தலைப்பிரட்டைகள் காலத்துக்கு முன்பே உருமாறியதை 1912-இல் குடர்நாட்ச் என்ற அறிஞர் வெளியிட்டார். பின்னங்கால்கள் மெல்ல வளர்கின்றன. முன்னங்கால்கள் திடீரென வெளிப்படுகின்றன. அதன்பின் வரும் சில நாட்கள்தாம் அதன் வாழ்நாளிலேயே மிக இக்கட்டானவை.

பாசி சுரண்டிய கொம்புப் பொருளாலான வாய் உதிர்ந்துவிடுகிறது. பூச்சி பிடிக்கும் அகன்ற வாயும் நாக்கும் இன்னும் முழுமையடையவில்லை. சுருள் சுருளாக இருந்த நீண்ட குடலும் குறுகிக்கொண்டிருக்கிறது. ஆகவே அது உண்பதில்லை. தன் வாலையே உடலுக்குள் கரைத்து அதைக்கொண்டு உயிர்வாழ்கிறது. வங்கியில் பணிபுரியும் எனக்கு இதைச் சேமிப்பு என்று சொல்லத் தோன்றினாலும், வழிப்பயணத்திற்கான கட்டுச்சோறு என்பதே பொருத்தம். நான்கு கால்களும் பாதி வாலும் உள்ள அந்த நிலையில் அதனால் நன்றாக நீந்தவும் இயலாது, தாவவும் இயலாது. 1970-களில் அமெரிக்காவில் பாம்புகளின் இரையை ஆராய்ந்தவர்கள், இந்த இடைநிலையில் இருப்பவையே மிகுதியாக அகப்படுவதைக் கண்டனர்.

எப்போது புறப்படுவது என்பதையும் ஓரளவு நீரே முடிவு செய்கிறது. குட்டை வற்றத் தொடங்கினால், பல இனங்களில் உருமாற்றம் விரைவுபடுகிறது. உயிர் தப்பலாம், ஆனால் உடல் சிறுத்தே கரையேற நேரிடும். மழை சில வாரங்கள் இடைவெளி விடும் ஆண்டுகளில், மும்பையின் ஆழமற்ற குட்டைகளில் பிறந்தவற்றுக்கு வேறு வழியில்லை.

கரையேறியபின் பழக்கங்கள் எல்லாமே மாறுகின்றன. பாசி தின்றது இப்போது அசையும் பூச்சியை மட்டுமே இரையென அறிகிறது. கூட்டமாய் வாழ்ந்தது தனித்துப் பிரிகிறது. ஊமையாக இருந்ததற்கு, ஆணாயின், குரலும் வந்துவிடுகிறது. தவளை தன் வாயால் கெடும் என்ற பழமொழி வெறும் பேச்சன்று. மழையிரவில் பெண்ணை அழைக்கும் அதே குரலைப் பின்தொடர்ந்து, விளக்கும் சாக்குமாகச் சென்றவர்கள் பெரிய தவளைகளைப் பிடித்துவந்தனர். அவற்றின் கால்கள் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஏற்றுமதியாயின. அந்நியச் செலாவணி ஈட்டிய அந்த வணிகத்தை 1987-இல் நம் அரசு தடை செய்தது.

இத்தனை மாறியும் எல்லாம் அழிந்துவிடுவதில்லை. முட்டைக்குள் இருந்தபோதே ஆரஞ்சு மணத்துக்குப் பழக்கப்படுத்தப்பட்ட கருக்கள், தவளையாகிய பின்னும் அந்த மணத்தை நாடியதை ஹெப்பர், வால்ட்மன் என்ற இருவர் 1992-இல் பதிவு செய்துள்ளனர். வாலும் செவுள்களும் போயின. மணத்தின் நினைவு தங்கியது.

மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதிகளிலுள்ள ஹவுசிங் சொசைட்டிகளில் அல்லித்தொட்டி வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்கலாம். செங்குத்தான சிமெண்டுச் சுவர் தலைப்பிரட்டைக்குத் தடையன்று. செவுள் மறைந்து நுரையீரலால் மூச்சுவிடத் தொடங்கிய குட்டித் தவளையோ ஏற வழியின்றி அதே நீரில் மூழ்கி இறக்கக்கூடும். நீரிலிருந்து விளிம்புவரை சொரசொரப்பான பலகை ஒன்றைச் சாய்த்து வைத்தால், வால் கரைந்து முடியும் நாளில் அவை அதன்வழியே ஏறிப் போய்விடும்.