நீல நிறம் எங்கே போனது?

குவளையில் இருந்த செப்பு சல்பேட் கரைசல் நல்ல நீல நிறம். நான் தயாரித்த வெள்ளை மணிகளை அதில் போட்டுக் கலக்கிவிட்டு வீடு திரும்பினேன். மறுநாள் ஆய்வகத்தில் பார்த்தபோது நீர் வெளுத்திருந்தது; மணிகள் நீலமாகியிருந்தன. மகிழ்ச்சியில் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன்.

அந்த மணிகளின் மூலப்பொருள், நம் வீட்டுக் குப்பைத் தொட்டிக்குப் போகும் இறால் ஓடு. ஓட்டிலுள்ள கால்சியம் கார்பனேட்டையும் புரதத்தையும் நீக்கினால் கைட்டின் என்ற பாலிமர் கிடைக்கும். அதைச் செறிந்த காரக் கரைசலில் சூடாக்கினால் கைட்டோசான் உருவாகும். கைட்டோசான் சங்கிலி நெடுக அமினோ தொகுதிகள் உள்ளன. அவற்றின் நைட்ரஜன் அணுவிடம் பகிர்ந்துகொள்ள ஓர் எலக்ட்ரான் இணை இருப்பதால், செம்பு, ஈயம் போன்ற உலோக அயனிகள் அங்கே பிணைந்துகொள்கின்றன. இதுவே பரப்புக் கவர்ச்சி.

செம்பு தன் நிறத்தால் காட்டிக்கொடுத்துவிடும். ஈயம் அப்படியல்ல. குடிநீரில் ஈயத்திற்கு உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியாகக் கொடுத்துள்ள அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அதைவிடப் பல மடங்கு கூடினாலும் கண்ணுக்குத் தெரியாது. கொதிக்க வைத்தாலும் போகாது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு அது. இவ்வளவு குறைந்த அளவில் கரைந்திருக்கும் உலோகத்தையும் பிடிக்கக்கூடியவை என்பதால்தான் இத்தகைய பாலிமர்களை ஆய்வாளர்கள் நாடுகிறார்கள்.

அன்று மாலை அம்மாவிடமிருந்து பதில் வந்தது: “தண்ணி தெளிஞ்சிருச்சு, சரி. அந்த நீல மணியை எல்லாம் எங்கேம்மா போடுவே?”

உண்மையைச் சொன்னால், குப்பைத் தொட்டியில் போடத்தான் இருந்தேன்.

உலோகம் ஒரு தனிமம். காய்கறிக் கழிவுபோல் அது மட்கி மறையாது. நான் அதை அழிக்கவில்லை; நீரிலிருந்து மணிக்கு இடம் மாற்றியிருக்கிறேன், அவ்வளவுதான். மணிகள் குப்பைமேட்டுக்குப் போனால், மழைநீரோடு கசிந்து அதே உலோகம் மீண்டும் ஆற்றைச் சேரலாம்.

பிறகு மணிகளை நீர்த்த அமிலத்தில் கழுவினேன். அமினோ தொகுதிகள் ஹைட்ரஜன் அயனிகளை ஏற்றுக்கொண்டு செம்பை விட்டுவிட்டன. சாதாரண கைட்டோசான் அமிலத்தில் கரைந்துவிடும். சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்திருந்ததால் என் மணிகள் தப்பின, மறுபடியும் பயன்பட்டன. கழுவிய அமிலத்தையும் சாக்கடையில் ஊற்றக்கூடாது. மலேசியாவில் இத்தகைய அபாயக் கழிவுகளைக் கையாள 2005ஆம் ஆண்டின் விதிமுறைகள் உள்ளன. அந்தச் சிறிதளவு அமிலத்தில் சேர்ந்திருக்கும் செம்பை, நீங்கள் பள்ளியில் படிக்கும் மின்னாற்பகுப்பு முறையிலேயே மீட்கவும் முடியும்.

இப்போது என் ஆய்வறிக்கையின் அட்டவணையில் இரண்டு பத்திகள் கூடியிருக்கின்றன: மணி எத்தனை முறை பயன்பட்டது, பிடித்த உலோகம் கடைசியில் எங்கே சேர்ந்தது.

அடுத்த அறிவியல் கண்காட்சியில் யாராவது ஒரு நீர் வடிகட்டியைக் காட்டினால், தெளிந்த நீரை மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள். என் அம்மா கேட்ட கேள்வியையும் கேளுங்கள்.