பழைய கோலத்தில் புதிய வானொலி

மாணவர்களே! திருவாதவூரில் என் மேசைமீதுள்ள பெட்டி, சரிகம நிறுவனத்தார் 2017-இல் வெளியிட்ட ‘கார்வான்’. பார்வைக்கு என் தந்தையாரின் வால்வு வானொலியே போன்றது. அக்காலப் பெட்டியின் பருமனுக்குக் காரணம் உண்டு. உள்ளிருந்த கண்ணாடி வால்வுகள் பெரியவை; சூடேறிய பின்னரே குரல் எழும். வெப்பம் வெளியேறவே முதுகில் துளைகள். 1947-இல் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டபின் அவ்வளவு இடம் வேண்டாதாயிற்று. இன்றைய பெட்டிக்குள் இருப்பன நுண்ணிய சில்லுகளே. பழைய வடிவம் வேடந்தான். வேடத்தை நான் குறைகூறவில்லை, அழகாகவே இருக்கிறது!

ஆனால் இதில் பாடல்கள் முன்னரே பதிந்துள்ளன, வேண்டியதே ஒலிக்கும். தந்தையார் குமிழைத் திருகி இலங்கை வானொலியைத் தேடுகையில், இடையே அறியாத மொழியொன்று ஒலிக்கும். உடனே உலகப் படத்தை விரித்து, அது எந்நாட்டு மொழியோ என்று தேடுவேன். கார்வானிலும் பண்பலை உண்டு. என் பேரன் இன்னும் அதன் பக்கம் திருப்பவில்லை.