குடும்ப மரம் போட எந்த மென்பொருள்? கம்பம் பள்ளத்தாக்கை வைத்துச் சில குறிப்புகள்

"வம்சாவளி போட எந்த சாஃப்ட்வேர் நல்லது?" என்ற கேள்வி 2025 நவம்பருக்குப் பிறகு என்னிடம் அதிகம் வருகிறது. காரணம், வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம், அதாவது எஸ்.ஐ.ஆர். 2002/2005 பட்டியலில் அப்பா, அம்மா பெயரைத் தேடப் போனவர்கள் பக்கத்திலேயே தாத்தா பெயரையும் பார்த்துவிட்டார்கள். இதுக்கு மேல எப்படிப் போறது என்ற ஆசை வந்துவிட்டது.

என் பதில் இதுதான்: நம்ம ஊர்ல ஒரு ஆளை எது அடையாளம் காட்டுகிறதோ, அதைச் சரியாகப் பதிய இடம் தருகிற மென்பொருளை எடுங்கள். பிரபலமான தளங்கள் பெரும்பாலும் குடும்பப்பெயரும் சர்ச் பதிவேடும் உள்ள நாடுகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. நம்மிடம் இருப்பது அப்பா பெயர், ஊர், குலதெய்வம்.

இனிஷியல் தரும் தலைவலி

வம்சாவளித் தரவுக்கு உலகம் முழுக்கப் பயன்படும் கோப்பு வடிவம் ஜெட்காம். 1984-இல் மோர்மன் திருச்சபை வெளியிட்டது. அதில் குடும்பப்பெயரை இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவே எழுத வேண்டும். மாயாண்டி மகன் சின்னமாயனுக்கு அங்கே எதைப் போடுவது? அப்பா பெயரைப் போட்டால் தலைமுறைக்கு ஒரு குடும்பப்பெயர் ஆகிவிடும். இவர்கள் வேறு வேறு குடும்பம் என்று மென்பொருள் நினைத்துக்கொள்ளும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதால் எதிர்ச் சிக்கலும் உண்டு. "இந்த இருவரும் ஒருவரா? இணைக்கலாமா?" என்று கேட்கும். யோசிக்காமல் சரி கொடுத்தால் ஒரு தலைமுறையே காணாமல் போகும்.

தேடலிலும் கவனம் வேண்டும். ஒலி ஒத்த ஆங்கிலப் பெயர்களைச் சேர்த்துக் காட்ட சவுண்டெக்ஸ் என்ற முறை உண்டு. 100 ஆண்டுக்கும் மேல் பழையது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மற்ற மெய்யெழுத்துகளை எண்களாக்கும். அழகர் என்ற பெயரில் ழகரத்துக்கு 'எல்' போட்டால் ஏ426 வரும். 'இசட்-எச்' போட்டால் ஏ226. செல்லம்மாளை 'சி-எச்' போட்டு எழுதினால் சி454, 'எஸ்' போட்டால் எஸ்454. ஒரே ஆள், இரண்டு குறியீடு. அதனால் ஒரு எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு "இல்லை" என்று முடிவுகட்டக் கூடாது.

ஊரும் மாறியிருக்கிறது

தேனி மாவட்டம் 1996-இல் உருவானது. அதற்கு முன் எல்லாமே மதுரை மாவட்டம். மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குப் போன குடும்பம் என்றால் இன்னும் கவனம். இடுக்கி மாவட்டம் 1972-இல் வந்தது; அதற்கு முன் பீருமேடு, தேவிகுளம், உடும்பன்சோலை எல்லாம் கோட்டயம் மாவட்டம். 1956-க்கு முன் திருவிதாங்கூர்-கொச்சி. வீடு நகரவில்லை, முகவரி மூன்று முறை மாறியிருக்கிறது. போதாக்குறைக்கு, ஆங்கிலத்தில் இதே எழுத்துகளோடு ஆந்திராவிலும் ஒரு கம்பம் இருக்கிறது. தானாக இடம் நிரப்பும் தளங்கள் உங்கள் கொள்ளுத்தாத்தாவை அங்கே கொண்டுபோய் வைத்துவிடலாம்.

முறைப்பெண் சோதனை

எந்தத் தளத்திலும் முழுக் குடும்பத்தையும் ஏற்றுவதற்கு முன், பத்துப் பேரை மட்டும் போட்டுப் பாருங்கள். அதில் அக்கா மகளைக் கட்டிய ஒரு கல்யாணம் இருக்கட்டும். அந்தத் தம்பதியின் பிள்ளைக்கு அம்மாச்சியே அத்தையும் ஆவார். நம்ம குடும்பம் கணினி மொழியில் மரம் இல்லை, வலை. படத்தில் அம்மாச்சி இரண்டு தனித்தனி ஆளாக வந்தாலோ, கோடு அறுந்தாலோ அந்த மென்பொருள் நமக்கு ஆகாது.

என் தேர்வு

கிராம்ப்ஸ். இலவசம், திறந்த மூலம், நம்ம கணினியிலேயே ஓடும். தமிழில் பெயர் எழுதலாம். ஆங்கில எழுத்துக்கூட்டல்களை மாற்றுப் பெயர்களாகச் சேர்க்கலாம். அப்பா பெயரை "தந்தைவழிப் பெயர்" என்று வகைப்படுத்தலாம். ஓர் ஊர் எந்தத் தேதி வரை எந்த மாவட்டத்துக்குள் இருந்தது என்றும் பதியலாம். ஒவ்வொரு தகவலுக்கும் ஆதாரம் இணைக்கலாம். "பெரியப்பா சொன்னார்" என்பதும் ஆதாரம்தான். சொன்ன தேதியோடு எழுதுங்கள்.

சொந்தக்காரர்கள் சேர்ந்து பார்க்க வேண்டும் என்றால் வெப்ட்ரீஸ். சொந்த சர்வரில் நிறுவ வேண்டும்; உயிரோடு இருப்பவர்கள் விவரத்தை வெளியாருக்கு மறைக்கும். ஃபேமிலிசர்ச் இலவசம், ஆனால் உலகத்துக்கே பொதுவான ஒரே மரம். இறந்தவர்கள் விவரத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். தேடிப் பார்க்க நல்லது, ஒரே பிரதியை அங்கே வைக்காதீர்கள்.

டி.என்.ஏ. சோதனைக்கு நான் அவசரப்பட மாட்டேன். சொந்தத்திலேயே கல்யாணம் செய்த குடும்பங்களில் தூரத்து உறவுகூட நெருங்கிய உறவாகத் தெரியும். அதோடு 2023-இல் 23அண்ட்மீ நிறுவனத்திடமிருந்து சுமார் 69 லட்சம் பேரின் விவரம் திருடுபோனது. 2025-இல் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. கடவுச்சொல்லை மாற்றலாம், மரபணுவை மாற்ற முடியாது.

தகவல் எங்கே கிடைக்கும்?

1. 2002/2005 வாக்காளர் பட்டியல்: பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது. பழைய தொகுதியில் தேடுங்கள். 2008 மறுவரையறைக்கு முன் தேனி என்றே ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது, இப்போது இல்லை. வயதை உத்தேசமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

2. பட்டா, வில்லங்கச் சான்று: இரண்டும் இணையத்தில் பார்க்கலாம். பட்டாவில் சர்வே எண் கிடைக்கும். அதை வைத்து வில்லங்கம் போட்டால் பெரும்பாலான சார்பதிவாளர் அலுவலகங்களில் 1975 வாக்கில் இருந்து பத்திர எண்கள் வரும்.

3. பத்திர நகல்: புதையல் இதுதான். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அண்ணன் தம்பி அத்தனை பேரும் "இன்னார் மகன்" என்று வரிசையாக இருப்பார்கள்.

பெண்கள்தான் இந்த ஆவணங்களில் தொலைந்துபோகிறார்கள். வாக்காளர் பட்டியலில் கல்யாணமான பெண்ணுக்குக் கணவர் பெயர் மட்டும். அவருடைய அப்பா யார், எந்த ஊர் என்று இருக்காது. பழைய பாகப்பிரிவினைகளில் மகள்கள் பெரும்பாலும் இல்லை. 1989-இல் தமிழ்நாடு சட்டத்திருத்தம் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் உரிமை கொடுத்த பிறகு, கையெழுத்துக்காகவாவது அவர்கள் பெயர் வந்தாக வேண்டியிருந்தது. பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரங்களைத் தேடுங்கள். உங்கள் அத்தைகள் பலர் அங்கேதான் இருப்பார்கள்.

அதற்கும் முந்தைய தலைமுறைக்கு எந்தத் தளமும் உதவாது. அப்பத்தாவுக்கு அம்மா பெயர் என்ன, அம்மாச்சி பிறந்த ஊர் எது, அவர் பிறந்த வீட்டுக் குலதெய்வம் எது என்பது வீட்டுப் பெரியவர்களுக்கு மட்டுமே தெரியும். மாசி மாதம் சிவராத்திரிக்குப் பங்காளிகள் குலதெய்வக் கோயிலில் கூடும்போது போனில் குரலைப் பதிவு செய்யுங்கள். ஆனால் அங்கே வருவது அப்பா வழி மட்டும். அம்மா வழிக்கு வீடு வீடாகத்தான் போக வேண்டும். அதை முதலில் செய்யுங்கள். பத்திரம் அலுவலகத்தில் அடுத்த வருசமும் இருக்கும். மென்பொருளை அதற்குப் பிறகு நிறுவிக்கொள்ளலாம்.